மும்முனை மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே: தேர்வு, இணைப்பு, அளவு வைத்தல், சோதனை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் அதற்குப் பல நாள் முன்பே, மே மாத வெயிலில், போர்வெல் தண்ணீரை நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் இணைந்த பம்பு செட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடுவதால் அந்த வாரங்களில் வோல்ட்டேஜ் சரிகிறது. மோட்டார் இழுக்கும் கரண்ட் கூடுகிறது. அளவுக்கு மீறிய கரண்டிலிருந்து மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது, அதாவது மோட்டாரை நிறுத்திவிடுகிறது. நாற்று காய்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் எவ்வளவு கரண்டில் விழ வேண்டும் என்று குறிக்கும் ரிலேயின் திருகை மேலே ஏற்றிவிடுவதும், அதன் கட்டுப்பாட்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவதும் அப்போதுதான் நடக்கின்றன. வைண்டிங் கடைக்கு வந்து சேரும் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ரிலே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தவறான எண்ணில் வைக்கப்பட்டோ, செயலிழக்கச் செய்யப்பட்டோ இருக்கிறது. எனவே இந்த வழிகாட்டி ரிலேயை வாங்குவதைக் காட்டிலும், அதற்குச் சரியான கரண்டைச் சொல்லிக் கொடுப்பதிலும், அது விழும்போது காரணத்தைக் கண்டறிவதிலும் கூடுதல் கவனம் செலுத்துகிறது.

ரிலே எப்படி வேலை செய்கிறது

தெர்மல் ஓவர்லோடு ரிலேயின் உள்ளே, பேஸுக்கு ஒன்றாக மூன்று இருவுலோகப் பட்டைகள் இருக்கின்றன. மோட்டாருக்குப் போகும் கரண்ட் அவற்றைச் சுற்றியுள்ள சூடேற்றும் கம்பி வழியாகப் பாய்கிறது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை என்பதால் அது வளைகிறது. வளைவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு நெம்புகோலைத் தள்ளி, மோட்டாரை மின்சாரத்தோடு இணைத்தும் பிரித்தும் விடும் மின்காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. முதன்மை மின்சாரத்தை ரிலே தானாக அறுப்பதில்லை. அறுக்கும்படி கான்டாக்டருக்குச் சொல்கிறது. ஆகவே முனைகள் உருகி ஒட்டிப்போன கான்டாக்டர் இருக்குமிடத்தில் எவ்வளவு நல்ல ரிலேயாலும் பயனில்லை.

வைண்டிங்கில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கரண்ட் 20 சதவீதம் கூடினால் செம்பில் உண்டாகும் சூடு 44 சதவீதம் கூடும். இன்சுலேஷன் தன் வரம்புக்கு மேல் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. அதனால்தான் சிறிய மிகைச்சுமையும் நீண்ட நேரம் தொடர்ந்தால் மோட்டாரைக் கெடுக்கிறது. நேரத்தையும் கரண்டையும் சேர்த்து எடைபோட்டு அந்த மெதுவான கேட்டைத் தடுப்பதே ரிலேயின் பணி. ஷார்ட் சர்க்யூட்டைத் தடுப்பது அதன் பணியல்ல. அதற்கு முன்னால் பெரிய ஷார்ட் கரண்டையும் பத்திரமாக அறுக்கும் எச்.ஆர்.சி. பியூஸோ, மோட்டாருக்கு உரிய சர்க்யூட் பிரேக்கரோ தனியாக இருக்க வேண்டும். பியூஸ் கேரியரில் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருக்கும் பெட்டியில், ஷார்ட் ஏற்படும்போது முதலில் வெந்துபோவது ரிலேயின் சூடேற்றும் கம்பிதான்.

படி 1: நேம்பிளேட்டைப் படித்தல்

குதிரைத்திறனை மட்டும் வைத்து ரிலே வாங்குவது பரவலான வழக்கம். சாதாரணத் தரைமட்ட மோட்டாருக்கு 415 வோல்ட்டில் ஒரு எச்.பி.க்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் என்ற வாய்க்கணக்கு, கடையில் நின்று பேசுவதற்குப் போதும். திருகை வைப்பதற்குப் போதாது. 5.5 கிலோவாட், அதாவது 7.5 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பவர் பேக்டர் 0.85, திறன் 86 சதவீதம் என்று கொண்டால், 5500 வாட்டை 1.732, 415, 0.85, 0.86 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்க, சுமார் 10.5 ஆம்பியர் வருகிறது. அதே எச்.பி. கொண்ட நீர்மூழ்கி மோட்டார், குறுகிய போர்வெல் குழாய்க்குள் அடங்குவதற்காக ஒடுக்கமாகச் செய்யப்பட்டிருப்பதால், இதைவிடத் தெளிவாகக் கூடுதலான கரண்டை எடுக்கும். ஆகவே நேம்பிளேட்டில் பொறித்துள்ள முழுச்சுமைக் கரண்டே அடிப்படை எண். நீர்மூழ்கி மோட்டார் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் நேம்பிளேட்டைப் பார்க்க முடியாது. இறக்கும் முன்பே அதைப் படம் எடுத்து, எண்ணை ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்புற மூடியில் பெயின்டால் எழுதிவைக்க வேண்டும். ரீவைண்டிங் செய்த மோட்டாரில் சுற்றுகளின் எண்ணிக்கையோ கம்பியின் தடிமனோ மாறியிருந்தால் பழைய எண் செல்லாது. கடைக்காரரிடம் கேட்டு, ஓட்டிப் பார்த்து, புதிய எண்ணை எழுத வேண்டும்.

படி 2: ரிலே எந்த இடத்தில் அமர்கிறது, என்ன ரேஞ்ச்

மோட்டாரை நேராக முழு வோல்ட்டேஜில் இணைக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் எடுக்கும் முழு லைன் கரண்டும் ரிலே வழியாகவே போகிறது. 10.5 ஆம்பியர் மோட்டாருக்கு 6 முதல் 10 வரையுள்ள ரிலே போதாது. 9 முதல் 14 வரையுள்ள ரிலே பொருந்தும். தேவையான எண் ரேஞ்சின் நடுப்பகுதியை ஒட்டி விழுமாறு தேர்ந்தெடுத்தால், பிறகு சிறிது கூட்டவோ குறைக்கவோ இடமிருக்கும்.

வைண்டிங்குகளை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் ஓடவிட்டு, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில்தான் பெரிய பிழை நேர்கிறது. வழக்கமான பேனல்களில் ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே அமர்கிறது. மோட்டார் டெல்டாவுக்கு மாறிய பிறகு அந்த இடத்தில் ஓடுவது லைன் கரண்ட் அன்று, அதை 1.732ஆல் வகுத்தால் வரும் வைண்டிங் கரண்ட். எனவே நேம்பிளேட் எண்ணை 0.58ஆல் பெருக்கி வைக்க வேண்டும். 15 எச்.பி. மோட்டாரின் நேம்பிளேட் 21 ஆம்பியர் என்றால், ரிலேயில் வைக்க வேண்டியது சுமார் 12.2 ஆம்பியர். இதை அறியாமல் 21 என்றே வைத்துவிட்டால், லைனில் 36 ஆம்பியர் வரை போனாலும் ரிலே அதைச் சாதாரண ஓட்டமாகவே எடுத்துக்கொள்ளும். அது பாதுகாப்பு இல்லாமல் ஓடும் மோட்டாருக்குச் சமம். சில பேனல்களில் ரிலே உள்வரும் லைனிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அங்கு முழு எண்ணையே வைக்க வேண்டும். ஒயரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து இடத்தை உறுதிசெய்யாமல் திருகைத் தொடக் கூடாது.

கெப்பாசிட்டர் உள்ள பம்பு செட்டுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கெப்பாசிட்டர் ரிலேக்கு முன்னால், சப்ளை பக்கத்தில் இணைந்திருந்தால் எந்த மாற்றமும் தேவையில்லை. ரிலேக்குப் பின்னால், மோட்டார் பக்கத்தில் இணைந்திருந்தால், ரிலே வழியாகப் போகும் கரண்ட் மோட்டார் எடுக்கும் கரண்டைவிடக் குறைந்துவிடும். அந்த அளவுக்குத் திருகையும் இறக்கி வைக்க வேண்டும்.

படி 3: ட்ரிப் கிளாஸ்

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யின் 60947-4-1 தரநிலை ரிலேக்களை 10ஏ, 10, 20, 30 என்று வகுக்கிறது. வைத்த எண்ணின் 7.2 மடங்கு கரண்ட் பாயும்போது குளிர்ந்த நிலையிலிருந்து எத்தனை நொடியில் விழும் என்பதை இந்த எண்கள் குறிக்கின்றன: கிளாஸ் 10 என்றால் 4 முதல் 10 நொடி, கிளாஸ் 20 என்றால் 6 முதல் 20 நொடி. நீர்மூழ்கி மோட்டாருக்குக் கிளாஸ் 10 அல்லது அதைவிட வேகமானதே தேவை. அது தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால் குளிரும்படி அமைந்தது. மணல் அடைத்துச் சுழல முடியாமல் நின்றுவிட்டால் சில நொடிகளில் வைண்டிங் வெந்துவிடும். நெல் அரவை ஆலைகளில் உள்ள பெரிய ஊதுவிசிறி போன்ற, வேகமெடுக்க நேரம் பிடிக்கும் சுமைகளுக்குக் கிளாஸ் 20 பொருந்தும். அங்கு கிளாஸ் 10 போட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் விழும், விழாமல் இருக்கத் திருகை ஏற்றுவார்கள், பாதுகாப்பு போய்விடும்.

இத்துடன், வெளிவெப்பம் ஈடுசெய்யப்பட்ட ரிலேதானா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் நூறடிக்குக் கீழே குளிர்ந்த நீரில் கிடக்க, ரிலே வயல்வெளித் தகரப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் வேகிறது. ஈடுசெய்யும் பட்டை இல்லாத ரிலே பகலில் காரணமின்றி விழும். அதற்காகத் திருகை ஏற்றினால் இரவில் தாமதமாக விழும். பெட்டிக்கு மேல் ஒரு கீற்றுக்கூரை போடுவது எந்த ரிலேக்கும் நல்லது.

படி 4: இணைப்பு

மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியர்களைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்டு, டெஸ்டரால் மூன்று பேஸிலும் மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே பெட்டிக்குள் கை வைக்க வேண்டும். சேற்றுக் காலோடு வரப்பிலிருந்து நேரே பெட்டிக்கு வருகிறவர்களுக்கு இது மிகையான அறிவுரை அன்று.

மூன்று பேஸ்களும் ரிலேயின் மூன்று முனைகள் வழியாகவும் போக வேண்டும். ரிலேயில் 95, 96 என்று எண்ணிட்ட மூடிய தொடர்பு கான்டாக்டர் காயிலுடன் தொடரில் இணைய வேண்டும். 97, 98 என்பது திறந்த தொடர்பு. ரிலே விழுந்ததைக் காட்டும் விளக்குக்கோ மணிக்கோ பயன்படும். கொட்டகை வீட்டிலிருந்து தள்ளியிருந்தால் இந்த விளக்கு மிகவும் உதவும்: மின்தடையா, ரிலே விழுந்ததா என்பது தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்.

முனைகளை நன்றாக முறுக்க வேண்டும். தளர்ந்த முனையில் உண்டாகும் சூடு பட்டைக்கு ஏறி, கரண்ட் சரியாக இருக்கும்போதே ரிலேயை விழவைக்கும். தேவையைவிட மெல்லிய ஒயரும் அதையே செய்யும். அலுமினிய ஒயரை நேரடியாகச் செருகாமல் உரிய லக் போட்டு அழுத்துவது நல்லது.

படி 5: அளந்து, அளவு வைத்தல்

முதலில் நேம்பிளேட் எண்ணையோ, ஸ்டார்-டெல்டா என்றால் அதன் 0.58 மடங்கையோ வைத்து மோட்டாரை ஓட்ட வேண்டும். கால் மணி நேரம் தண்ணீர் சீராக வந்த பிறகு ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ்களிலும் கரண்டை அளக்க வேண்டும். ஓடும் கரண்ட் நேம்பிளேட்டைவிட மிகவும் குறைவாக இருந்தால், அதற்கு மேல் 10 சதவீத இடம் விட்டுத் திருகை இறக்கி வைப்பது என் பரிந்துரை. பேரிங் தேய்வதோ பம்புக்குள் மணல் சேர்வதோ முன்கூட்டியே தெரிந்துவிடும். ஓடும் கரண்ட் எவ்வளவு கூடினாலும், முதலில் வைத்த எண்ணுக்கு மேல் திருகை ஏற்றக் கூடாது. அந்த எண்ணில் நிற்காத மோட்டாரில் வேறு கோளாறு இருக்கிறது.

வோல்ட்டேஜையும் மூன்று ஜோடிகளுக்கு இடையே அளக்க வேண்டும். 400, 410, 375 என்று வந்தால் சராசரி 395. அதிகபட்ச விலகல் 20. அதாவது 5 சதவீத ஏற்றத்தாழ்வு. இந்த விழுக்காட்டின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் வைண்டிங்கில் வெப்ப உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். இங்கே அது 50. கரண்டில் தெரியும் ஏற்றத்தாழ்வு வோல்ட்டேஜில் உள்ளதைப்போல 6 முதல் 10 மடங்கு வரை இருக்கலாம். ஒரு பேஸில் மட்டும் கரண்ட் கூடியிருந்தால், குறை சப்ளையிலா மோட்டாரிலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் ஒரே வரிசையில் ஓரிடம் தள்ளி இணைக்க வேண்டும். இப்படி மூன்றையும் சேர்த்து நகர்த்தினால் சுழலும் திசை மாறாது. கூடுதல் கரண்ட் அதே சப்ளை பேஸிலேயே நின்றால் குறை லைனில். மோட்டார் ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால் குறை கேபிளிலோ வைண்டிங்கிலோ. லைன்மேனிடம் புகார் சொல்லப் போகும்போது இந்த அளவுகள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

படி 6: சோதனை

ரிலேயில் உள்ள டெஸ்ட் பொத்தான் 95, 96 தொடர்பு திறக்கிறதா, கான்டாக்டர் விழுகிறதா என்பதை மட்டும் காட்டும். பட்டைகள் சரியாக வளைகின்றனவா என்பதை அது சொல்லாது. அதற்கு, மோட்டார் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது திருகை ரேஞ்சின் அடிக்கு இறக்கிப் பார்க்கலாம். ஓடும் கரண்ட் அந்த எண்ணின் ஒன்றரை மடங்காக இருந்தால், சூடான நிலையில் கிளாஸ் 10 ரிலே 4 நிமிடத்துக்குள் விழ வேண்டும். 1.2 மடங்குக்கு இரண்டு மணி நேரம் வரை தரநிலையே அனுமதிக்கிறது. எனவே விகிதத்தைக் கணக்கிட்ட பிறகே ரிலே கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, எண்ணை மூடியில் எழுதியதோடு ஒப்பிட வேண்டும்.

ரீசெட்: கையாலா, தானாகவா

விழுந்த ரிலேயை மீண்டும் வேலை நிலைக்குக் கொண்டுவருவதே ரீசெட். பெரும்பாலான ரிலேக்களில் இரண்டுக்கும் வசதி உண்டு. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் என்ற அமைப்பில் தானியங்கி ரீசெட் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் இரவில் எப்போது மும்முனை மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்பதற்காக ஆட்டோ ஸ்டார்ட்டரோ, செல்போனால் இயக்கும் ஸ்டார்ட்டரோ பொருத்தியிருக்கும் இடங்களில் அது ஆபத்து. ரிலே விழும், பட்டை சில நிமிடத்தில் ஆறும், மோட்டார் மீண்டும் ஓடும், மீண்டும் விழும். சிறிய பட்டை விரைவில் ஆறிவிடுகிறது. வைண்டிங் ஆற அதைவிட நெடுநேரம் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் முழுச்சுமையின் ஆறேழு மடங்கு கரண்ட் பாய்வதால், மிச்சமிருக்கும் சூட்டின் மேல் சூடு ஏறி, விடிவதற்குள் மோட்டார் முடிந்துவிடும். இத்தகைய இடங்களில் ரீசெட் கைக்கு மட்டுமே என்று வைக்க வேண்டும். கையால் ரீசெட் செய்யும்போதும் அரை மணி நேரமாவது காத்திருப்பது நலம். இரண்டாம் முறையும் விழுந்தால் அளக்காமல் மூன்றாம் முறை ஓட்டக் கூடாது.

விழும் நேரமே காரணத்தைக் காட்டும்

ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே விழுந்தால், பம்பு இறுகியிருக்கலாம், ஒரு பேஸ் வராமலிருக்கலாம், அல்லது வோல்ட்டேஜ் மிகவும் இறங்கியிருக்கலாம். சுழற்றும் விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415க்குப் பதில் 350 வோல்ட் கிடைத்தால் தொடக்க விசை 71 சதவீதமாகச் சுருங்கி, வேகமெடுக்க அதிக நேரம் பிடிக்கும். அரை மணி, ஒரு மணி ஓடிய பின் விழுந்தால் அது மெய்யான மிகைச்சுமை அல்லது ஏற்றத்தாழ்வு. எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் விழுந்தால் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது திருகை ஏற்றாமல், ஓட்டும் நேரத்தை மாற்றிக்கொள்வதே மோட்டாருக்குப் பாதுகாப்பு.

காவிரிப் படுகைக்கே உரிய, பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. கோடை முழுவதும் ஒழுங்காக ஓடிய மோட்டார், ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்து நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த பிறகு விழத் தொடங்கும். தண்ணீர் மேலே வந்தால் சுமை குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆழமான நீர்மட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மையவிலக்குப் பம்பு, தூக்க வேண்டிய உயரம் குறைந்ததும் அதிக அளவு தண்ணீரைத் தள்ளுகிறது. பல பம்புகளில் தள்ளும் அளவு கூடக்கூட எடுக்கும் திறனும் கூடுகிறது. மருந்து எளிது: வெளிக்குழாயில் உள்ள கேட் வால்வைச் சிறிது மூடி, கிளாம்ப் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கரண்டை நேம்பிளேட் எண்ணுக்குள் கொண்டுவர வேண்டும்.

ரிலே காணாதவை

ஒரு பேஸ் போய்விட்டால் ரிலே காப்பாற்றும் என்று எண்ணுவது பாதி உண்மை. டெல்டா இணைப்பில் ஒரு பேஸ் அறுந்தால், மிஞ்சிய இரண்டு லைன்களுக்கு நேராக உள்ள வைண்டிங் லைன் கரண்டில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அது 0.58 பங்குதான். ஆகவே லைனில் கரண்ட் வரம்புக்குள் இருப்பதாகத் தெரியும்போதே அந்த ஒரு வைண்டிங்கில் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். இதற்காகவே வேறுபாடறியும் நெம்புகோல் கொண்ட ரிலேக்கள் உள்ளன. ஒரு பட்டை குளிர்ந்து மற்ற இரண்டும் வளைந்தால் அவை முன்கூட்டியே விழும். இந்த வசதி உள்ள ரிலே, ஒரு பேஸ் அறவே இல்லாமல் மற்ற இரண்டில் வைத்த எண்ணின் 1.15 மடங்கு ஓடினாலும் விழ வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டுப் பெறுவதோடு, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்றையும் தனியாகப் பொருத்துவது அவசியம். காரணம், கான்டாக்டர் காயில் இரண்டு பேஸ்களுக்கு இடையே மட்டும் இணைந்திருக்கும். மூன்றாவது பேஸ் போனால் காயிலுக்கு அது தெரியாது.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கெப்பாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களின் மோட்டாரில் மூன்று கரண்டுகளும் சமமாக இருப்பதில்லை; அதனால் ரிலே விழும், உடனே அதைப் பைபாஸ் செய்கிறார்கள். அப்படி ஓடும் மோட்டாரிடம் முழுத்திறனை எதிர்பார்க்க முடியாது. வால்வை மூடிச் சுமையைக் குறைத்து, மூன்றில் அதிகமான கரண்டும் நேம்பிளேட் எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள இயலவில்லை என்றால் ஓட்டாமல் இருப்பதே மேல்.

தண்ணீர் இல்லாமல் பம்பு ஓடும்போது கரண்ட் குறையும். ரிலே சும்மா இருக்கும். அதற்கு டிரை ரன் பிரிவென்டர் வேண்டும். அரவை ஆலையில் தவிடும் உமித்தூசும் மோட்டாரின் விசிறி மூடியை அடைத்துவிட்டால், கரண்ட் மாறாமலே மோட்டார் சூடாகும்; பெரிய மோட்டார்களில் வைண்டிங்கிலேயே பதித்த, சூட்டை நேரடியாக உணரும் தெர்மிஸ்டர்தான் அதைப் பிடிக்கும். சிறிய மோட்டாருக்கு வாரம் ஒருமுறை துடைப்பம் போதும்.

பராமரிப்பும் மாற்றமும்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டைகளில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்களை ஓட்டும் சிறு மோட்டார்களின் பெட்டிகள் உப்புக் காற்றில் நிற்கின்றன. அங்கே முனைகளில் பச்சை படிகிறதா என்று மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பெட்டி ரப்பர் விளிம்புள்ள, ஒயர் நுழையும் இடத்தில் கிளாண்ட் போட்ட வகையாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை, குறுவைக்கு முன்னும் சம்பாவுக்கு முன்னும், முனைகளை முறுக்கி, பல்லி, எறும்புக் கூடுகளை அகற்றி, டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தால் போதும்.

கடுமையான ஷார்ட் சர்க்யூட்டைக் கடந்து வந்த ரிலே வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் பட்டைகள் நிலையாகக் கோணியிருக்கலாம். சோதனையில் தேறாவிட்டால் மாற்றிவிட வேண்டும். உறை கருகியது, திருகு சுற்றிக்கொண்டே போவது, ரீசெட் நிற்காதது ஆகியவையும் மாற்றத்துக்கான அறிகுறிகள். புதியதை வாங்கும்போது பழைய ரிலேயின் ரேஞ்சை அப்படியே சொல்லிக் கேட்காமல், நேம்பிளேட் எண்ணிலிருந்து மீண்டும் கணக்கிட வேண்டும். பழையது முதலிலேயே தவறாக வாங்கப்பட்டிருக்கலாம்.